கொக்கியும் காஜாவும் என் வலது கண்ணும்

ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறவளை டெய்லர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்; ஆனால் கொக்கி பிய்ந்துபோனால் மட்டும் ஊரே அவளைத்தான் தேடும். இப்போதும் என் மடியில் ஏழு ஜாக்கெட் கிடக்கிறது. ஒரு கொக்கி வைப்பது, நூலைப் பல்லால் கடிப்பது, ஊசியைப் புடவைத் தலைப்பில் குத்திவிட்டு இரண்டு வரி எழுதுவது, மறுபடி அடுத்த கொக்கி. இப்படித்தான் இதை எழுதுகிறேன். தாள், நான் வேலை செய்கிற பாய் கடையில் ஜாக்கெட் அளவு வெட்டுகிற பழுப்புத் தாள். எழுத்து பெரிசு பெரிசாக இருக்கும், மன்னிக்கணும்.

எனக்கு ஊர் அரூர். ஐந்தாவது வரைக்கும் படிப்பு. பதினோரு வருஷமாக ஜமால் பாய் தையல்கடைக்குக் கைவேலை செய்கிறேன். கைவேலை என்றால் மெஷினில் ஓடாத வேலை எல்லாம்: கொக்கி வைப்பது, சட்டைக்குக் காஜா எடுப்பது, ஓரத்தை மடித்து எம்மிங் அடிப்பது. பாய் வெட்டித் தைத்து மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து முடித்துக் கொடுப்பேன். பண்டிகை நாளில் கடையிலேயே மூலையில் உட்கார்ந்து செய்வதும் உண்டு.

எனக்கு இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. வலது கண் இருக்கிறது. அது நிலைக்குமா என்பதுதான் இன்றைக்கு எனக்கு இருக்கிற ஒரே கவலை. மற்ற கவலையெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும். இதைப் படிக்கிற சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். இப்போது இந்தத் தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனீர்கள் அல்லவா? நீங்களும் நானும் ஒரே ஜாதி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வாய் திறக்காதவள். நாலு பேர் முன்னால் எனக்குக் குரலே வராது. அதனால் நடந்தது எதிலும் கடைசிப் பேச்சு என்னுடையதாக இருக்காது. அவரவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

மோந்து பார்க்கிற பெண்

வேலைக்குச் சேரும்போது எனக்குப் பதினாறு வயது. அதற்கு முன்பே எங்கள் தெருவில் எனக்கு ஒரு பேர் உண்டு: கூர்மையான கண்ணுக்காரி. ஊசி கோக்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். தலையில் பேன், காலில் ஏறிய முள், உப்பில் கிடக்கிற மயிர், எதுவாயிருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இடது கண்ணுக்கு மூன்று விரற்கடை தூரத்தில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் எனக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரியும். துணியில் இழையை எண்ணிச் சொல்வேன். அந்த மூன்று விரற்கடைக்கு அப்பால் உலகமே பாலில் முக்கி எடுத்த மாதிரிதான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுத்து இருக்கிறது என்பதே எனக்கு நாலாவது வரைக்கும் தெரியாது. வாத்தியார் சும்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்று இருந்தேன்.

முதல் வாரம் கடை மூலையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாவின் சம்சாரம் அளவு கொடுக்க வந்தார். சட்டை என் முகத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது, ஊசி கண்ணிமையைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. அந்தம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க பாய், இந்தப் பொண்ணு தெய்க்கிதா, மோந்து பாக்குதா?"

மில்லுக்காரம்மாவின் சிரிப்பு

ரைஸ் மில்காரர் வீட்டம்மா எங்கள் கடைக்குப் பெரிய கிராக்கி. ஒரு சந்தை நாளில் எதிர்ச் சாரியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்களாம். கையையும் ஆட்டினார்களாம். நான் நேராகப் பார்த்துக்கொண்டே போய்விட்டேனாம். 'ஆம்' போட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்கு அன்றைக்கு எதிர்ச் சாரியில் தெரிந்ததெல்லாம் சிவப்பு, மஞ்சள், பச்சையாகக் கொஞ்சம் அசைவு. அது தக்காளியா மனுஷரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் கடைக்கு வந்து, நான் மூலையில் இருப்பது தெரிந்தே, பாயிடம் உரக்கச் சொன்னார்கள்: "கொக்கி வெக்கிறவளுக்கே இம்மாந் திமிருன்னா, மெஷினு மிதிக்கத் தெரிஞ்சிட்டா என்னா ஆட்டம் ஆடுவாளோ!"

வெள்ளைச் சட்டைக்குப் பின்னால்

கல்யாணமான மூன்றாம் மாதம். என் வீட்டுக்காரர் இதே ஊரில் கமிஷன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஜோலார்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போக, பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றோம். ரயில் வந்ததும், "என் பின்னாலயே வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். புது வெள்ளைச் சட்டை. நானும் வெள்ளைச் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். கூட்டம் இடித்தது. சட்டை ஸ்டேஷனைத் தாண்டி வெளியே போனது, நானும் போனேன். ரோட்டில் இறங்கியது, நானும் இறங்கினேன். ரயிலேற வந்த மனுஷன் ஏன் ஊருக்குள் போகிறார் என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சம்.

சட்டை ஒரு டீக்கடை முன்னால் நின்று திரும்பியது. அது வேறு யாரோ. ரயில் போய்விட்டது. என்னைத் தேடி மூச்சிரைக்க ஓடிவந்த என் வீட்டுக்காரரின் காதுபட அந்த ஆள் சொன்னது: "யம்மா தாயே, எம் பின்னாடி வந்து என்னா பிரயோசனம்? வூட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குது!"

பூட்டி வைத்த கண்ணாடி

அதற்கப்புறம்தான் அவர் என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். மைனஸ் பதினாறு என்றார்கள். அது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்காரர் உள்ளே போய் இன்னொருத்தரைக் கூட்டிவந்து சீட்டைக் காட்டினார், அதிலிருந்து ஒருவாறு புரிந்துகொண்டேன். போட்டதும் புளியமரத்தில் இலை தனித்தனியாக இருந்தது. மூன்று வருஷம் வேலை செய்த பாய் கடைப் பலகையில் கத்தரிக்கோல் படம் போட்டிருந்தது. ஆனால் தைக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும், கிட்டத்து வேலைக்கு என் வெறும் கண்தான் சரி.

வீட்டுக்கு வந்தேன். அத்தை, என் மாமியார், அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று நான் காப்பித் தட்டோடு எத்தனை அடி நடக்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட வேண்டும் என்று என் அம்மா காலையிலேயே நடக்கவிட்டுப் பழக்கியிருந்தார்கள். ஒரு தப்பும் இல்லாமல் நடந்தேன். 'அடக்கமான பொண்ணு, தலையே நிமிரலை' என்று அத்தை அன்றைக்கு மெச்சினார்கள். இப்போது முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்கள். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கி இந்தக் கண்ணாடிய எந்தப் பொட்டியில வெச்சிப் பூட்டியிருந்தாங்க உங்க வூட்ல?"

துணியில் இல்லாத நூல்

எனக்குப் பெண் பிறந்து, பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயசு. ரம்ஜான் நெருங்கிக்கொண்டிருந்தது. பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது பாய் கடையில் வெள்ளை மலை மாதிரிக் குவிந்துவிடும். ஜிப்பா, குர்தா, பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னச் சட்டை. வெள்ளையில் கறுப்பு நூல் ஒன்று ஒட்டியிருந்தாலும் பாய் திருப்பிப் போடுவார். அதனால் முடித்த துணியை உதறி, தடவி, நூல் பிசிறு பொறுக்கிக் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு ஒரு ஜிப்பாவில் கறுப்பாக ஒரு பிசிறு. எடுத்தேன். வரவில்லை. நகத்தால் சுரண்டினேன், நழுவி அந்தப் பக்கம் போய்விட்டது. கையால் தட்டினேன். மேலே மிதந்து மெதுவாக இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று, கொசுக்கால் மாதிரி. சாயங்காலம் வரைக்கும் அந்த ஒரு ஜிப்பாவில் உட்கார்ந்திருந்தேன். நடுநடுவே இடது கண் ஓரத்தில் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வெளிச்சம். திரும்பினால் யாரும் இல்லை. மழை மின்னல் என்று நினைத்தேன், வெளியே வெயில் கொளுத்துகிறது. வேலை நிற்கிறதே என்று பாய் வந்து துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், உள்பக்கம் பார்த்தார். நான் விரலால் காட்டினேன், இங்கே, இதோ இங்கே. விரல் போன இடமெல்லாம் நூலும் கூடவே போயிற்று. பாய் துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "துணியில நூலு இல்லம்மா. அது எங்க இருக்குன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

பச்சைப்பட்டு

அப்போதே டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. நூல் மிதந்தாலும் ஊசி தெரிந்தது, அது போதும் என்றிருந்தேன். நீங்களாயிருந்தால் போயிருப்பீர்களா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண ஜாக்கெட் வந்தது. பச்சைப்பட்டு. கீழ் ஓரம் மெஷின் தையல் தெரியாமல் கையாலேயே எம்மிங் அடிக்க வேண்டும். பாய் சாக்கட்டியால் கோடு போட்டிருந்தார். நான் வழக்கம்போல இடது கண்ணிடம் கொண்டுபோனேன். கோடு நடுவில் புடைத்துக்கொண்டிருந்தது. பாய்க்குக் கை நழுவிவிட்டது போல என்று நினைத்தேன். பெரியவர், அவரிடம் போய் 'உங்கள் கோடு கோணல்' என்று எப்படிச் சொல்வது? சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, நானே அதைத் திருத்தி, என் கண்ணுக்கு நேராகத் தெரிகிறபடி அடித்துக் கொடுத்துவிட்டேன். பாய்க்கு ஒரு நல்லது செய்துவிட்டதாகச் சந்தோஷம் வேறு. அன்றைக்கென்று அவசரம், பாயும் பிரித்துப் பார்க்காமல் கட்டிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பெண்ணுடைய சித்தி ஜாக்கெட்டைப் பாய் மேஜையில் விசிறினார். "இது ஜாக்கெட்டா, ஏரிக்கரையா? மேடும் பள்ளமுமா இருக்குது!" பாய் அவர்களை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவரிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசினேன்: "கோடே கோணையாத்தாங்க இருந்துச்சி." அவர் கோபப்படவில்லை. பித்தளை ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்து, இப்போது பார் என்றார். பார்த்தேன். ஸ்கேலும் வளைந்திருந்தது. அதையும் சொன்னேன். கடையில் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. வலது கண்ணால் பார் என்றார், ஸ்கேல் நேராயிற்று. இடதால் பார் என்றார், வளைந்தது. மறுபடி வலது, மறுபடி இடது. பிறகு ஸ்கேலை வாங்கி மேஜையில் வைத்தார். "இது எங்க அத்தா காலத்து ஸ்கேலும்மா, இது வளையாது. நீ இன்னிக்கே ஒன் வூட்டுக்காரர கூட்டிக்கிட்டு சேலத்துக்கு பஸ் ஏறு."

டாக்டர் அறையில்

கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். எல்லாம் கூசியது. பிறகு டாக்டர் விளக்கோடு என் முகத்துக்கு வெகு கிட்டத்தில் வந்தார். வேற்று ஆண்பிள்ளை முகம் அவ்வளவு கிட்டத்தில் வந்ததே இல்லை, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறம்மா என்றார். திறந்தேன், வந்தார், மூடினேன். நாலாவது தடவை என் வீட்டுக்காரர் என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் என்னிடம் சொல்லவில்லை, அவரிடம்தான் சொன்னார். என் கண் உருண்டையாக இல்லாமல் கோழிமுட்டை மாதிரிப் பின்பக்கம் நீண்டுகொண்டே போகிறதாம். உள்ளே பின்சுவரில் மெல்லிசாக ஒரு திரை இருக்கிறதாம், பார்க்கிறதெல்லாம் அதில்தான் விழுமாம். கண் நீள நீள அந்தத் திரை இழுபட்டு மெலிந்து, இடது கண்ணில் நட்டநடுவில் விரிசல் விட்டு, ரத்தம் கசிந்து, ஆறித் தழும்பாகிவிட்டதாம். தையலால் வந்ததா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இல்லை, பிறவியிலேயே அப்படி வளர்கிற கண் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரருக்குப் பாதிதான் புரிந்தது. எனக்கு முழுசும் புரிந்தது. வளர்கிற பெண்ணுக்கு ஜாக்கெட் தைத்தால் பாய் உள்ளே இரண்டு விரல் துணி மடித்து விட்டுத்தான் தைப்பார், பின்னால் பிரித்து விட்டுக்கொள்ள. அப்படி விடாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே அவள் வளர்ந்தால் முதுகுத் துணி இழுபட்டு இழுபட்டு, கிழிவதற்கு முன்னாலேயே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். என் கண்ணைத் தைத்தவன் உள்ளே துணி விடவில்லை.

வலது கண்ணும் அதே துணிதான், இன்னும் விரிசல் விடவில்லை, அவ்வளவுதான் என்றார் டாக்டர். கனம் தூக்கக்கூடாது. தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்க்க வேண்டும், ஏதாவது ஒரு கம்பி வளைந்து தெரிந்தால் உடனே வர வேண்டும். "வந்தா சரி பண்ணிடுவீங்களா சார்?" என்று அவர் கேட்டார். டாக்டர் விளக்கை அணைத்தார். "பொய் சொல்ல மாட்டேன் தம்பி. வந்தா என்னால பாக்கத்தான் முடியும்."

மூன்று நாள் குடம்

கனம் தூக்கக்கூடாது என்றால் முதலில் குடம். தெருக்குழாய் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது தப்படி. சேலத்திலிருந்து வந்த மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், அண்டாவில் தண்ணீர் நிரம்பி இருக்கிறது. என் வீட்டுக்காரர் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். இரண்டாம் நாளும் கொண்டுவந்தார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டேன். இந்த மனுஷனுக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவர் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது, குழாயடியில் இருந்த ஒருத்தி எல்லாரும் கேட்கச் சொன்னாள். எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டது. நாலாம் நாளிலிருந்து குடம் திரும்பவும் என் இடுப்புக்கு வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டு நானே நின்றிருக்க மாட்டேன். அவள் சொன்னது இதுதான்: "ஏம்ப்பா, மண்டியில தூக்குன மூட்டை பத்தலியா, பொண்டாட்டி கொடத்தையும் தூக்க வந்துட்ட? புடவை ஒண்ணு குடுக்கட்டுமா?"

மூக்கு எங்கே

நடுப்பார்வை போய்விட்டது என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. முழுசும் இருட்டாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணாடியோடு, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பாப்பாவைப் பார்த்தால் அவள் ரிப்பன் தெரியும், காதுத் தோடு தெரியும், கவுன் தெரியும், வாசல்படி தெரியும். நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் தண்ணீர் சிந்திய மாதிரி ஒரு கறை. கண்ணைக் கொஞ்சம் தள்ளினால் கறையும் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்ளும். எதைப் பார்க்க ஆசைப்படுகிறேனோ அதன் மேலேயே போய் உட்காருகிறது.

ஒருநாள் பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து இப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னம்மா பண்றே என்றாள். அம்மாவுக்கு இந்தக் கண்ணுல உன் மூஞ்சி தெரியலை என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. ஐந்து வயசுப் பிள்ளை, அவளுக்கு அது கண்ணாமூச்சி ஆகிவிட்டது. இப்போது தினமும் சாப்பாட்டு வேளையில் ஓடிவந்து தன் கையால் என் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே கேட்கிறாள்: "இப்ப எம் மூக்கு எங்கம்மா? வாயி எங்க? நான் எங்க போயிட்டேன், சொல்லு?"

மூன்றாவது கம்பி

எங்கள் வீட்டு ஜன்னலில் ஏழு கம்பி. ஒன்றரை வருஷமாகத் தினமும் பல் விளக்குவதற்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஏழையும் பார்க்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள் கூட இப்படித் தவறாமல் போகமாட்டார்கள். ஏழும் நேராக இருக்கும். சரி, இன்றைக்கு இருக்கிறது என்று அடுப்பைப் பற்றவைப்பேன்.

போன மாதம் ஒரு காலையில் மூன்றாவது கம்பி, கட்டைவிரல் அகலத்துக்கு, இடது பக்கம் ஒதுங்கி நின்றது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். கையால் தடவிப் பார்த்தேன், கம்பி நேராக இருந்தது. அத்தையைக் கூப்பிட்டு, மூணாவது கம்பி வளைஞ்சிருக்குதா அத்தை என்று கேட்டேன். அவர்கள் ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சேலத்துக்குக் கூட்டிப்போவார், டாக்டர் பார்ப்பார். பார்க்கத்தான் முடியும் என்று அவரே சொன்னதுதானே. வளைவு இப்போது கம்பியில் பாதி தூரம் வந்துவிட்டது. பாப்பா முகத்தில் இன்னும் வரவில்லை. தினமும் கம்பிக்கு அடுத்தபடியாக அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன், தூங்கும்போது, கிட்டத்தில் போய், மூன்று விரற்கடையில்.

அந்த நாளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கொக்கி வைக்கப் பழகுகிறேன். யாருக்கும் தெரியாது. ஊசிக் காதை நாக்கு நுனியில் வைத்தால் துவாரம் தெரியும், நூலையும் நாக்காலேயே நுழைத்துவிடலாம். கொக்கிக்குக் கொக்கி இரண்டு விரல் இடைவெளி, அதற்கு விரலே அளவு. முதல் பத்து நாள் விரல் நுனியெல்லாம் பொத்தல். கொக்கியைத் தலைகீழாக வைத்துப் பிரித்தேன், துணி இரண்டையும் சேர்த்துத் தைத்துப் பிரித்தேன். ஒரு ஜாக்கெட் முடிக்க ஒரு பகல் ஆனது. பிறகு கை மெல்ல மெல்ல வழிக்கு வந்தது.

போன வாரம் அப்படிக் கண்ணை மூடி முடித்த மூட்டையைக் கடைக்குக் கொண்டுபோனேன். இந்த முறை கட்டாயம் திட்டு என்று மூலையில் ஒதுங்கி நின்றேன். பாய் ஒவ்வொன்றாகப் பிரித்தார். கொக்கி வரிசையில் விரலை ஓட்டினார். இன்னொன்றை எடுத்தார், அதிலும் ஓட்டினார். முகம் மலர்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "அட, அளவெடுத்து அடிச்ச மாதிரி இருக்குதேம்மா! கண்ணு நல்லாயிடுச்சா? அல்லா காப்பாத்திட்டான், போ!"

ஆகக்கூடி, கண்ணால் பார்த்துச் செய்த வேலைக்குப் பத்து வருஷம் பேச்சு வாங்கினேன், கண்ணை மூடிக்கொண்டு செய்ததற்கு ஒரே வாரத்தில் நல்ல பேர் வந்துவிட்டது, இந்த நல்ல பேரை வைத்துக்கொண்டு இனிமேல் நான் — இருங்கள், பாப்பா வெளியிலிருந்து கத்துகிறாள், "அம்மா, திண்ணையில வெச்ச ஜாக்கெட்ட ஆடு திங்கிது, ஓடியாம்மா" என்று, நான் போய்